தேர்தல் கணக்கும் வகுப்பறைக்கு வரட்டும்

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பில் நடந்த மாணவர் பாராளுமன்றத் தேர்தல் பற்றிய தங்கள் செய்தி கண்டேன். வாக்களிக்கப் பழக்குகிறோம், பிரசாரத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கப் பழக்குவதில்லை. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் வரவு செலவு விபரம் ஒப்படைக்க வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் பிரசாரச் செலவுக்கு வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று உச்சவரம்பு இருந்தது. ஒரு கோடியே 71 இலட்சம் வாக்காளருக்கு அதைப் பெருக்கினால் 186 கோடியைத் தாண்டும். பத்தாம் தர மாணவர் செய்யக்கூடிய கணக்குத்தான் இது.

களுவாஞ்சிகுடிச் சந்தியில் நடக்கும் ஒரு கூட்டத்தின் செலவை மாணவரிடம் எழுதச் சொன்னால் மேடை, கதிரை, ஒலிபெருக்கி, துண்டுப்பிரசுரம் எல்லாம் வந்துவிடும். ஆதரவாளர் சும்மா கொடுத்த வானும் டீசலும் மட்டும் விடுபட்டுப்போகும். பணமாக வராத உதவிக்கும் சந்தை விலை உண்டு என்பதை அங்கேதான் அழுத்திச் சொல்ல வேண்டும். கட்சி அரசியல் பேசியதாகக் குற்றம் வருமோ என்று ஆசிரியர்கள் தயங்குவது நியாயமே. வேட்பாளர் பெயரையும் சின்னத்தையும் மறைத்த மாதிரிப் படிவங்களைக் கொண்டு, குடியுரிமைக் கல்வியில் இரண்டு பாடவேளை ஒதுக்க வலயக் கல்வி அலுவலகங்கள் முன்வர வேண்டும்.

வாசகர்,
களுவாஞ்சிகுடி