சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்பவும் கேட்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தம்பி கடலூர் சிப்காட்டில் ஒரு தனியார் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தான். 2018-19இல் மாதாமாதம் அவன் சம்பளத்திலிருந்து வருமான வரி என்று 1,470 ரூபாய் பிடித்தார்கள், வருடத்துக்கு 17,640 ரூபாய். அந்தப் பணத்தைக் கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டவே இல்லை, வரி பிடித்ததற்குச் சான்றாகத் தரவேண்டிய ஃபார்ம் 16உம் தரவில்லை, அப்புறம் கம்பெனியையே மூடிவிட்டார்கள். அதே பணத்தை வட்டியோடு கட்டச் சொல்லி வருமான வரித் துறையிடமிருந்து நோட்டீஸ் வந்தது என் தம்பிக்கு.

நோட்டீஸ் வந்த விஷயமே எங்களுக்குப் பல வருடம் தெரியாது. வருமான வரிக் கணக்கு (ரிட்டர்ன்) போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரர் தன்னுடைய மெயிலையும் மொபைல் நம்பரையும் பதிந்து வைத்திருந்தார். நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், தயவுசெய்து எல்லோரும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 2024இல், கூடுதலாகப் பிடித்த வரிக்குத் திரும்ப வரவேண்டிய ரீஃபண்ட் வரவில்லையே என்று போய்க் கேட்டபோதுதான், பழைய பாக்கியில் கழித்துக்கொண்டார்கள் என்று தெரிந்தது. அப்படிக் கழிப்பதற்கு முன்னால் நமக்குத் தகவல் சொல்லி, பதில் கொடுக்க 21 நாள் அவகாசம் தரவேண்டும். அந்தத் தகவலும் வந்துதான் இருந்தது, அதே மெயிலுக்கு, முழுக்க ஆங்கிலத்தில்.

மாதம் ஒரு சதவீதம் வட்டி சேர்ந்து தொகை 27 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நமக்குத் தரவேண்டிய ரீஃபண்ட் தாமதமானால் மாதம் அரை சதவீதம்தான் தருகிறார்கள், இது என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தம்பி பயந்துபோய் மனைவியின் வளையலை அடகு வைத்துப் பணத்தைக் கையில் வைத்திருந்தான். வெப்சைட்டில் 'பாக்கி சரிதான்' என்ற பட்டனை அழுத்தப் போன சமயத்தில் தற்செயலாக நான் போய்ச் சேர்ந்தேன். அதை அழுத்திவிட்டால் பிறகு 'எனக்கு உடன்பாடில்லை' என்று சொல்ல முடியாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆவது பிரிவு, சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டிருந்தால் அந்த அளவுக்கு ஊழியரிடம் திரும்ப வரி கேட்கக் கூடாது என்கிறது. பிடித்தவர் கட்டினாரா இல்லையா என்பது ஊழியர் பொறுப்பு இல்லை. இப்படிப்பட்ட பாக்கியை ஊழியரிடம் வற்புறுத்தி வசூலிக்காதீர்கள் என்று வருமான வரித் துறைக்கு மேலிடமான மத்திய நேரடி வரிகள் வாரியமே 2015 ஜூனில் தன் அதிகாரிகளுக்கு எழுதியது, 2016 மார்ச்சில் மறுபடியும் எழுதியது.

வரி பிடித்ததற்கு ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான். தம்பி வீடு குண்டு உப்பலவாடி பக்கம். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த அத்தனையும் ஊறிப்போனது. சம்பளச் சீட்டுகள் மட்டும் ஒரு மஞ்சப்பையில் பரண்மேல் கிடந்ததால் தப்பின. பன்னிரண்டு சீட்டு, ஒவ்வொன்றிலும் பி.எஃப். பிடித்தத்துக்குக் கீழே 'ஐ.டி. 1,470', அதாவது வருமான வரி 1,470, என்று எழுதியிருந்தது. அவற்றையும் சம்பளம் வரவான பேங்க் பாஸ்புக் பக்கங்களையும் சேர்த்து, 205ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, 'உடன்பாடில்லை' என்று பதில் போட்டோம். நேரில் பார்த்த அதிகாரி மரியாதையாகவே பேசினார், வசூல் செய்ய மாட்டோம் என்றார். வளையலை மீட்டாயிற்று. ஆனால் பாக்கி இன்னும் வெப்சைட்டில் அப்படியே நிற்கிறது, கழித்த ரீஃபண்டும் திரும்பவில்லை. இது எனக்குப் போதாது. வசூலிக்கக் கூடாத தொகையை எதற்காக அவன் பெயரில் வைத்திருக்க வேண்டும்?

2020 ஆகஸ்ட் 13 அன்று வரி செலுத்துவோர் சாசனம் என்று ஒன்றைப் பிரதமர் அறிவித்தார். அதில் துறை 14 வாக்குறுதி கொடுத்திருக்கிறது. வரி கட்டுகிறவரை நேர்மையானவர் என்றே கருதுவோம் என்பது அதில் ஒன்று. மாதாமாதம் சம்பளத்தில் வரி கொடுத்த தொழிலாளியை அப்படிக் கருதுவதாக இருந்தால் முதல் நோட்டீஸ் கம்பெனிக்கு அல்லவா போயிருக்க வேண்டும்? பிடித்த வரியைக் கட்டாமல் இருப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். முன்பு வருமான வரிக்கென்றே குறைதீர்ப்பாளர் ஒருவர் இருந்தார், 2019இல் அந்தப் பதவியையும் எடுத்துவிட்டார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நோட்டீஸோடு தமிழில் ஒரு பக்கம் வரட்டும், தபாலில் வீட்டுக்கு வரட்டும், 'உங்கள் சம்பளத்தில் ஏற்கெனவே வரி பிடித்திருந்தால் சம்பளச் சீட்டைக் காட்டுங்கள்' என்ற ஒரு வாக்கியம் அதில் இருக்கட்டும். அந்தக் கம்பெனியில் தம்பியோடு வேலை பார்த்தவர்களில் மூன்று பேர் ஏற்கெனவே பணத்தைக் கட்டிவிட்டார்கள். இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களாவது கட்டுவதற்கு முன் பழைய சம்பளச் சீட்டைத் தேடி எடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாப்புலியூர், கடலூர்.