திரும்பாதே, கண்ணு

சந்தூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் உன் குரல் இறங்கியிருந்தது. வெயில் தடுப்புக் களிம்புக்கான உன் பொருளை, பிரிடின் என்ற நச்சுக் கரைப்பானை விட்டு, எத்தனாலில் புரோலினைப் போட்டுச் செய்ததில் விளைச்சல் (கிடைக்கும் பொருளின் அளவு) குறைந்துவிட்டது, பழைய முறைக்கே போய்விடலாமா என்று கேட்டாய். இரவெல்லாம் அதையே யோசித்தேன். போகாதே, அம்மா.

பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் உப்புப் பகுப்பாய்வு நடத்தியது உனக்கு நினைவிருக்கும். ஈயம் உள்ள லெட் நைட்ரேட் கரைசலில் பொட்டாசியம் குரோமேட்டைச் சொட்டியதும் மஞ்சள் வீழ்படிவு திரளும். பிள்ளைகளின் முகம் மலர்ந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் தொட்டியில் கழுவி ஊற்றுவோம். ஆய்வகத்தின் பின்புறம், குழாய் முடிகிற இடத்தில் மண்ணே மஞ்சளாகக் கிடந்தது. ஓரடி தள்ளி ஒரு முருங்கை மரம். அதில் காய் பறித்துப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஈயம் உடம்பை என்ன செய்யும் என்று கரும்பலகையில் எழுதிய கைதான் அதையும் ஊற்றியது. இன்றும் மனம் ஆறவில்லை.

ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்று எண்ணச் சொல்லி 1992-இல் ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலாளர் ஒரு கணக்குக் கொடுத்தார். மருந்துத் தொழிலில் அது 25 முதல் 100-க்கும் மேல் போனது. உன் நோட்டில் விளைச்சலுக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுது. பழைய முறையில் பிரிடினைப் போக்க அமிலம் விட்டுக் கழுவுவாயே, அந்தத் தண்ணீரையும் சேர்த்துக்கொள். எத்தனாலை வடித்து மறுபடி பயன்படுத்தலாம். புரோலின் நம் உடம்பிலேயே இருக்கும் அமினோ அமிலம்.

கடுகுக் குடும்பத்துச் செடிகள் புற ஊதாக் கதிரிலிருந்து இலையைக் காக்கச் சினாபாயில் மாலேட் என்ற பொருளைத் தாமே செய்துகொள்கின்றன என்று நீ சொன்னபோது அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் செடியில் இருக்கிறது என்பதற்காகவே தோலுக்கு நல்லது என்று எழுதிவிடாதே. வெயிலில் சிதைகிறதா, அரிப்புத் தருகிறதா, நீரில் கலந்தால் உயிர்களை என்ன செய்கிறது என்று பார். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த களிம்புகளின் விற்பனைக்கு ஹவாய் 2021-இல் தடை போட்டது பவளப்பாறைகளுக்காகத்தானே? அதற்குள் எத்தனை ஆண்டுகள் அவை கடலில் கரைந்திருக்கும்!

நீ அனுப்பிய களிம்பை அம்மா தோப்புக்குப் போகும்போது பூசிக்கொள்கிறாள். வியர்வையில் கண்ணுக்குள் இறங்கி எரிகிறதாம், அதையும் குறித்துக்கொள். செந்தூரா மாம்பழம் பழுக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த முறை பேசும்போது எத்தனாலில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று சொல்.

அன்புடன்,
அப்பா