மாவுக்கட்டும் பிசுபிசுத்த தலையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது, விரல்களில் வீக்கம் இல்லை என்று நீ சொன்னதும் என் கவலையில் பாதி போனது. உன் கவலை வேறு. வலது கையில் மாவுக்கட்டு, ஒற்றைக் கையால் தலைக்குக் குளிக்க முடியவில்லை, இந்தத் தலையோடு ஆபீசுக்கு எப்படிப் போவது என்று புலம்பினாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே தள்ளிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். வார்டில் படுக்கையோடு கிடந்தவர்களுக்குத் தலை துடைத்து, சிக்கெடுத்து, பின்னிவிட்ட கை இது. இந்த ஒரு விஷயத்தில் அம்மா பேச்சை நம்பலாம்.

உன் தலையில் வழிகிற எண்ணெய் வெளியிலிருந்து வந்ததில்லை. ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக உடம்பெங்கும் இந்தச் சுரப்பிகள் உண்டு. முகத்திலும் தலையிலும்தான் நெருக்கம் அதிகம். டாக்டர்கள் சீபம் என்று சொல்கிற இந்த எண்ணெய் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை முக்கியமாக ஹார்மோன்தான் தீர்மானிக்கிறது. அடிக்கடி அலசினால் தலை இன்னும் கூடுதலாகச் சுரக்கும் என்று உன் தோழி சொன்னாளே, ஷாம்புவுக்கு அந்தச் சுரப்பியோடு பேசத் தெரியாது. உன் முடி நேரானது, மெல்லிசும்கூட. எண்ணெய் தடையில்லாமல் இறங்கிவிடுகிறது. உன் அண்ணனுக்குச் சுருட்டை. அவனுக்கு அது வேரோடு நின்றுவிடும். அவன் எத்தனை நாள் அலசாமல் இருக்கிறான் என்று அவனாகச் சொன்னால்தான் தெரியும். உனக்கு மறுநாளே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எண்ணெய் எல்லாம் வேரை ஒட்டிய இரண்டு மூன்று விரல்கடை நீளத்தில்தான். அதிலும் மற்றவர் கண்ணில் படுவது நெற்றியோரமும் வகிடும் மட்டும். முழுத்தலையோடும் மல்லுக்கட்டாதே. அந்த இடத்தைக் கவனித்தால் ஆபீசுக்குப் போய்விடலாம்.

காலையில் அவசரம் என்றால் முன்முடியை மட்டும் அலசிக்கொள். மீதி முடியைப் பின்னால் கிளிப் போட்டு ஒதுக்கிவிட்டு, வாஷ்பேசினில் குனிந்து, இடது கையில் ஒரு சொட்டு ஷாம்பு எடுத்து நெற்றியோரத்து முடியில் தேய்த்து அலசினால் போதும். நெற்றியில் இருக்கிற எண்ணெயும் வியர்வையும் ஒட்டுவதால் அந்த முடிதான் எப்போதும் முதலில் தொங்கிப்போகிறது. சீக்கிரம் காய்ந்தும் விடும். மாவுக்கட்டின் மேல் பிளாஸ்டிக் பை போட்டு, கையைப் பின்னால் வைத்துக்கொள். கட்டு நனைந்தால் இளகிவிடும், உள்ளே தோலும் ஊறிப் புண்ணாகும். அதைச் சரிசெய்ய மறுபடி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்கும்.

தண்ணீரே தொடக் கூடாத நோயாளிகளுக்கு வார்டில் நாங்கள் செய்தது இது. மெல்லிய பருத்தித் துணியைச் சீப்பின் பற்கள்மேல் குத்தி இறக்கி, துணியோடு சேர்த்து வாருவோம். எண்ணெயும் தூசியும் துணியில் ஏறும். இழுத்த பிறகு அந்தத் துணியைப் பார்த்தால் உனக்கே நம்பிக்கை வரும். நிறம் மாறியதும் துணியை நகர்த்தி வைத்துக்கொள். வேரிலிருந்து கொஞ்ச தூரம் வாரினால் போதும். நுனி வரைக்கும் பலமுறை வாரினால் இருக்கிற எண்ணெயை நீயே முடி முழுக்கப் பரப்பிவிடுவாய். இந்த வேலைக்கு இடது கையே போதும்.

அடுத்தது மாவு. டிரை ஷாம்பு என்று விற்கிற பலவற்றிலும் வேலை செய்வது அரிசி, சோளம் போன்றவற்றின் ஸ்டார்ச்தான். அது எண்ணெயை உறிஞ்சி முடியை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைக்கும். கழுவாது. வியர்வையின் உப்பும், உதிர்ந்த தோலும், தலையில் வாழ்கிற கிருமிகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். எண்ணெய் உறிஞ்சிய மாவும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். இதை மறந்துவிட்டு, தலை சுத்தமாகிவிட்டது என்று நினைத்து நாள் கணக்காகப் போட்டுக்கொண்டே போவதுதான் வம்பு.

கடைச் சரக்கு வேண்டாமென்றால் சமையலறையில் இருக்கிற கார்ன்ஃப்ளாரே போதும். உன் முடி கறுப்பு என்பதால் வெள்ளையாகத் தெரியும். கொஞ்சம் இனிப்பில்லாத கோகோ தூள் கலந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. முழுத்தலைக்கும் ஒரு டீஸ்பூனுக்குக் கீழேதான் ஆகும். முகத்துக்குப் பவுடர் போடுகிற அகலமான பிரஷில் லேசாகத் தொட்டு, உதறிவிட்டு, வகிட்டை மாற்றி மாற்றி எடுத்து வேரில் மட்டும் ஒற்று. ஐந்து நிமிடமாவது விட்டுவிடு. பிறகு விரல் நுனியால் தேய்த்து, தலையைக் குனிந்து வாரி உதறு. ஒற்றைக் கைக்காரிக்கு டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டுவதைவிட பிரஷ்தான் லாயக்கு. மாவுக்கட்டுக்குள் மட்டும் விழாமல் பார்த்துக்கொள். உள்ளே அரிக்க ஆரம்பித்தால் சொறியவும் வழியில்லை.

இதைக் காலையில் செய்யாதே, முதல்நாள் ராத்திரியே செய். தூங்கும்போது சுரக்கிற எண்ணெயை மாவு அப்போதைக்கப்போது பிடித்துக்கொள்ளும். தலையணையில் புரண்டு மிச்ச வெள்ளையும் உதிர்ந்துவிடும். தலையணைமேல் ஒரு பழைய துண்டு விரித்துக்கொண்டால் உறை அழுக்காகாது.

வியர்த்த தலையில் மட்டும் மாவு தொடவே கூடாது. ஈரத்தோடு சேர்ந்தால் பசைதான். முதலில் ஃபேனுக்குக் கீழே உட்கார், அல்லது ஹேர் டிரையரில் குளிர்ந்த காற்றை வைத்து வேரை உலர்த்து. சில நாள் உனக்கு இதுவே போதும். பாதி நேரம் எண்ணெய் என்று நினைப்பது வியர்வையாகத்தான் இருக்கும்.

ஸ்ப்ரே வாங்கப் போகிறேன் என்றாய். வாங்கு, தப்பில்லை. தலையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடி. ஒரே இடத்தில் அடிக்காமல் நகர்த்திக்கொண்டே போ. ஜன்னலைத் திறந்து வை, மூச்சில் இழுக்காதே. அந்த டப்பாக்களில் மாவைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயுக்கள். கேஸ் சிலிண்டரில் இருப்பதும் அதே குடும்பம்தான். அடுப்பு, மெழுகுவத்தி பக்கத்தில் வேண்டாம். அடித்த உடனே சூடான டிரையரையும் எடுக்காதே. வெயிலில் நிற்கிற காரில் டப்பாவை விட்டுவிட்டு இறங்காதே. இன்னொன்றும் இருக்கிறது. 2022 அக்டோபரில் அமெரிக்காவில் சில டிரை ஷாம்பு ஸ்ப்ரேக்களைத் திரும்பப் பெற்றார்கள். புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் அவற்றில் இருக்கலாம் என்று சோதனையில் தெரிந்தது. வாயு வழியாகக் கலந்தது என்றார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் மாவு மாவாகவே கிடைக்கும்போது அதை எதற்கு வாயுவோடு சேர்த்து அடிக்க வேண்டும் என்பது என் எண்ணம். முடிவு உன்னுடையது.

டால்கம் பவுடரை எடுக்காதே. அது மாவு இல்லை, கல்லை அரைத்த பொடி. 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டால்க்கை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற பட்டியலில் சேர்த்தது. தலையில் தட்டினால் நேராக மூக்குக்குத்தான் போகும். ஆப்பசோடாவும் வேண்டாம். தலைத்தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, சோடா காரம். தோல் வறண்டு அரிக்கும், முடி சொரசொரப்பாகும். சென்ட், டியோடரண்ட், கை கழுவுகிற சானிடைசர் எல்லாம் தலையில் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எரிச்சல்தான் மிச்சம்.

அலசத் தேவையில்லாத ஷாம்பு என்று ஒன்று உண்டு. வார்டில் நாங்கள் பயன்படுத்திய தலைக்குல்லாயும் அந்த வகைதான். ஈரமான குல்லாயை வெதுவெதுப்பாக்கித் தலையில் மாட்டி, மேலிருந்து பிசைந்துவிட்டுக் கழற்றித் துண்டால் துடைத்தால் வேலை முடிந்தது. மாவைவிட இது எனக்குப் பிடிக்கும். எண்ணெயும் அழுக்கும் தலையைவிட்டே துண்டுக்குப் போகிறது. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்கும் இதுதான் கதி. கேரன் நைபர்க் என்ற விண்வெளி வீராங்கனை 2013-இல் அங்கிருந்தபடியே தலை அலசிக் காட்டினார். கொஞ்சம் வெந்நீர், அலச வேண்டாத ஷாம்பு, ஒரு துண்டு, ஒரு சீப்பு, அவ்வளவுதான். நீளமான முடி அவருக்கு, எடையில்லாத இடத்தில் நாலா பக்கமும் எழும்பி நிற்கும். வீடியோவைத் தேடிப் பார். உனக்குப் புவியீர்ப்பாவது துணைக்கு இருக்கிறது.

சடை உன்னால் இப்போது போட முடியாது. வாயைத் திறந்து கவ்வுகிற பெரிய கிளட்ச் கிளிப் ஒன்று வாங்கிக்கொள். இடது கையால் முடியைச் சுருட்டிப் பிடித்து, மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டியிருக்கிற விரல்கள் வலிக்காமல் ஒத்துழைத்தால் கிளிப்பை மாட்டிவிடலாம். வலித்தால் விட்டுவிட்டு அகலமான துணி ஹேர்பேண்டைப் போட்டுக்கொள், நெற்றியோரம் முழுக்க மறைந்துவிடும். வகிட்டை எப்போதும் எடுக்கிற பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்று. படிந்து கிடந்த வேர் எதிர்ப்பக்கம் திரும்பும்போது தூக்கலாக நிற்கும். செலவில்லாத வித்தை. பேசும்போது முடியைக் கோதுகிற உன் பழக்கத்தை நான் சொல்லி நீ விடப் போவதில்லை. சீப்பையாவது சோப்புத் தண்ணீரில் கழுவு. பழைய எண்ணெய் அப்பிய சீப்பால் வாரினால் அது திரும்பத் தலைக்கே போகும்.

இதெல்லாம் இரண்டு அலசலுக்கு நடுவே ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை. அதற்கு மேல் தலை அரித்தாலோ, நாற்றம் வந்தாலோ, மயிர்க்காலில் சிறு கொப்புளம் எழும்பினாலோ மாவை நிறுத்திவிடு. தலையில் இயல்பாகவே ஒரு பூஞ்சை இருக்கிறது. அதற்கு இந்த எண்ணெய்தான் சாப்பாடு, பொடுகுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. எண்ணெயை மூடி வைத்தால் அதற்குக் கொண்டாட்டம். மாவுக்கட்டைப் பிரிக்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை இந்த வித்தைகளை வைத்தே ஓட்ட முடியாது. வாரத்துக்கு ஒருமுறையாவது பார்லருக்குப் போய், பின்னால் சாய்ந்து படுத்து பேசினில் அலசிவிடச் சொல். கை மடியில் பத்திரமாக இருக்கும். இல்லாவிட்டால் உன்னோடு தங்கியிருக்கிற பெண்ணிடம் கேள். அவளிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றாய். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நீ பார்த்துக்கொண்டாயே, அப்போது அவள் கூசினாளா?

ஸ்ப்ரேதான் வாங்குவாய் என்று எனக்குத் தெரியும். டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. சின்ன எழுத்தை நான் படித்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு அடித்துக்கொள்.

அன்புடன்,
அம்மா