ரூட்டீன் போட முதல் ஒருக்கால் இதை வாசியுங்கோ

வணக்கம்.

எங்களிடம் ஸ்மார்ட் பல்ப், ப்ளக், சுவிட்ச் வாங்கிப் பூட்டியவர்கள் பலர், ஒவ்வொன்றாக ஃபோனில் தட்டிக்கொண்டிருக்காமல் தானாக எரிந்து தானாக அணைய என்ன வழி என்று கேட்கிறார்கள். வழி லேசானது. ஸ்மார்ட் லைஃப் செயலியில் 'சீன்' பக்கம் போய்க் கூட்டல் குறியைத் தட்டினால் இரண்டு கேள்விதான்: எது நடந்தால், என்ன செய்ய வேண்டும். குரலுக்கு வேலை செய்யும் அமேசனின் அலெக்சாவில் அதையே ரூட்டீன் என்பார்கள். ஒரே லைட்டுக்கு இரண்டிலும் போடாதீர்கள், ஒன்று போட மற்றது அணைக்கும்.

கேற் லைட்டுக்கு 6 மணி என்று நேரம் கொடுக்க வேண்டாம். கார்த்திகையில் 6 மணிக்கு முன்னமே பொழுதுபட்டுவிடும், ஆடியில் 6.30 வரை வெளிச்சம் இருக்கும். 'சன்செட்' என்று தெரிவு செய்தால் செயலியே நாளுக்கு நாள் பார்த்துக்கொள்ளும். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் இரவு திரும்பினாலும் விறாந்தை இருட்டாகக் கிடக்காது.

ஆனால் யாருடைய சன்செட்? பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோதான் செயலியில் கணக்கைத் திறந்து அதில் 'வீடு' ஒன்றை உருவாக்கிக் கொடுப்பார்கள், அப்போது வீட்டின் இடம் ரொறன்ரோ என்று பதிந்திருந்தால் அங்கே கோடையில் இரவு 9 மணிக்குப் பொழுதுபடும்போது இங்கே விடிய 6.30க்கு உங்கள் கேற் லைட் எரியும். லைட்டில் பிழையில்லை. 'ஹோம் மனேஜ்மென்ட்' உள்ளே போய் இடத்தை யாழ்ப்பாணம் என்று மாற்றச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது கறண்ட். போன கறண்ட் நடுச்சாமம் 2 மணிக்கு வந்தால் சில பல்புகள் தாமாகவே எரியத் தொடங்கும். அந்தப் பொருளின் செட்டிங்கில் 'ரீஸ்டார்ட் ஸ்டேட்டஸ்' போன்ற பெயரில் ஒன்று இருந்தால், அதை 'முன்பு இருந்தபடி' அல்லது 'ஓஃப்' என்று வையுங்கள். இடி மின்னலுக்கு ரவுட்டரைக் கழற்றி வைக்கும் எங்கள் ஊர்ப் பழக்கத்தை விட வேண்டாம். இந்த ரூட்டீன்களில் பெரும்பாலானவை இணையத்தின் வழியாக ஓடுபவை, அதனால் அன்றிரவு கையால் போடுவதுதான்.

கையால் போடுவது என்றதும் இன்னொன்று. சுவரில் பழைய சுவிட்சை ஓஃப் பண்ணினால் ஸ்மார்ட் பல்புக்கு உயிர் இல்லை, எந்த ரூட்டீனும் அதை எழுப்பாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் படுக்கப் போக முதல் சுவிட்சைத் தட்டத்தான் செய்வார்கள், அவர்களை மாற்றுவதை விட பல்புக்குப் பதில் ஸ்மார்ட் சுவிட்ச் பூட்டுவது சுகம். ஆனால் ஸ்மார்ட் சுவிட்ச் பலவற்றுக்கு நியூட்ரல் வயரும் வேண்டும், பழைய வீடுகள் பலவற்றில் சுவிட்ச் பெட்டிக்குள் அது இராது. வாங்க முதல் எலக்ட்ரீசியனிடம் காட்டிவிடுங்கள்.

கிணற்று மோட்டரை மட்டும் தயவுசெய்து சின்ன ஸ்மார்ட் ப்ளக்கில் குத்தாதீர்கள். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கறண்டை ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் இழுக்கும். 10 அம்பியர் ப்ளக்கின் உள்ளே கறண்டைப் போட்டு அணைக்கும் ரிலே அதில் உருகி ஒட்டிக்கொண்டால், ஃபோனில் ஓஃப் என்று காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கோடையில் கிணறு வற்றிக் கிடக்கும் நேரம் அப்படி நடந்தால் மோட்டர் கருகத்தான் செய்யும். மோட்டருக்குத் தனியாகக் கொன்டாக்டர் (பெரிய கறண்டைத் தாங்கும் சுவிட்ச்) போட்டு, டாங்கியில் மிதவை சுவிட்சும் வைத்து, அதற்குப் பிறகு ரூட்டீனைப் பற்றி யோசிக்கலாம். விற்பனை போனாலும் பரவாயில்லை, மோட்டருக்கு என்று கேட்டால் ப்ளக் தரமாட்டோம்.

புதிய பொருள் வைஃபையில் சேரவில்லை என்றால் ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள், அனேகமானவை 5 கிகாஹெர்ட்ஸில் சேராது.

இதெல்லாம் தலைசுற்றினால் ஃபோனோடு கடைக்கு வாங்கோ, பொருளைக் கழற்றிக்கொண்டு வரத் தேவையில்லை. கணக்கு பிள்ளையின் பெயரில் இருந்தால் அவரிடம் சொல்லி உங்கள் ஃபோனையும் அதில் சேர்த்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் அங்கே அவர் நித்திரையால் எழும்பும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டும்.