எங்கள் சின்ன ரீஃப் தொட்டிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

வணக்கம். இரண்டரை மாதமாக எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்ட மடல் இது. போன வாரம் கோபி மீனையும் கோமாளி மீனையும் திரும்பத் தொட்டியில் விட்டாயிற்று, இரண்டும் சாப்பிடுகின்றன. இனியும் எழுதாமல் இருந்தால் மனசு உறுத்தும். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் இரண்டு பேர் முன்பே சொல்லிவிட்டீர்கள், அதனால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடல்நீரில் மீனும் பவளமும் வளர்க்கும் 80 லிட்டர் தொட்டி, ஒன்றரை வருஷமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25, 26 டிகிரி, ஆவியாகும் அளவுக்குத் தினமும் ஆர்.ஓ. தண்ணீர். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு ராயல் கிராமா மீன், ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீன், அதோடு ஒரே வளையில் குடியிருக்கும், கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் எழுப்பும் பிஸ்டல் இறால், ஒரு க்ளீனர் இறால், கொஞ்சம் நத்தைகள், பவளங்கள். இந்தக் குடும்பத்தில் ஒரு ஃபயர்ஃபிஷ் மீனைப் புதிதாகச் சேர்த்தேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்கினேன், மூடிக்கு வலை போட்டேன், ஆனால் தனித்தொட்டியில் நாலு வாரம் வைத்துப் பார்க்கவில்லை. மீனைத் தந்தவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பொறுமை இல்லாமல் நேராக உள்ளே விட்டது நான்.

நாலாவது நாள் காலையில் ஃபயர்ஃபிஷ் மணலில் செத்துக் கிடந்தது. வழியில் அலைந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் பெரிய கோமாளி வேவ்மேக்கருக்கு (நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) நேர் எதிரே போய், வேகமான நீரில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றது. விளையாடுகிறது என்றுதான் அப்போதும் நினைத்தேன். கிராமாவைக் காணவே காணோம்.

அண்ணா, இரவு பதினொரு மணிக்கு உங்களை அழைத்தேன். தூக்கக் குரலில்தான் எடுத்தீர்கள், ஆனால் "காலையில் பேசலாமா" என்று கேட்கவில்லை. முதலில் மூச்சை எண்ணச் சொன்னீர்கள். எண்ண முடியவில்லை, செவுள் அவ்வளவு வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கச் சொன்னீர்கள். அப்போதுதான் தெரிந்தது, மாவு சலித்துத் தூவியது போல உடம்பு முழுக்க மங்கலான பொன்னிறத் தூசி. நேராகப் பார்த்தபோது அது கண்ணில் படவே இல்லை. "வெல்வெட்" என்றீர்கள், கடல் மீனைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய். செவுளைத்தான் அது முதலில் பிடிக்கும், தோலில் தெரியும்போது ஏற்கனவே நேரமாகியிருக்கும், எல்லாவற்றையும் காப்பாற்ற முடியும் என்று எண்ணாதே என்று தெளிவாகச் சொன்னீர்கள். அந்த நேர்மைக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன். பொய்யாக ஆறுதல் சொல்லியிருந்தால் காலைவரை காத்திருந்திருப்பேன், மிச்சம் இருந்ததும் போயிருக்கும்.

அப்புறம் அந்த நேரத்திலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். கையில் உங்கள் 40 லிட்டர் தனித்தொட்டி, ஹீட்டர், நாலு பிவிசி குழாய்த் துண்டு, உங்கள் தொட்டியில் மாதக்கணக்காக ஊறிக்கிடந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். அந்த ஸ்பாஞ்சின் மதிப்பு எனக்கு மறுநாள்தான் புரிந்தது. வெல்வெட்டுக்கு மருந்து தாமிரம், அது பவளத்துக்கும் இறாலுக்கும் ஆகாது என்பதால் தனித்தொட்டியில்தான் போட வேண்டும். தாமிரம் போடும் தொட்டியில் லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் கடல் பாறை) வைக்கக் கூடாது, அது தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பாறை இல்லையென்றால் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் இல்லை. உங்கள் ஸ்பாஞ்சில் அது இருந்தது.

அக்கா, உங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? உப்புத் தண்ணீரைக் கலந்து ஒரு நாளாவது சுற்றவிட வேண்டும், எனக்கு அந்த ஒரு நாள் இல்லை. நீங்கள் உங்கள் வாராந்திர நீர்மாற்றத்துக்கு வைத்திருந்த தண்ணீரை அப்படியே இரண்டு கேனில் கொண்டுவந்துவிட்டீர்கள். விடிந்ததும் கோபியைப் பிடிக்க நான் பாறைகளை எடுக்கப் போனேன். "வேண்டாம், உள்ளே இறால் வளை இருக்கிறது, சரிந்தால் நசுங்கிவிடும்" என்று தடுத்தீர்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, இரண்டு உணவு உருண்டையைப் போட்டு மணலில் படுக்க வைத்தீர்கள். பிறகு இரண்டு மணி நேரம் தரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். கோபி தலையை நீட்டும், பின்வாங்கும், மறுபடி நீட்டும். கடைசியில் உள்ளே போனபோது நீங்கள் பாட்டிலின் வாயைக் கையால் பொத்திய வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கிராமா அந்த இரவே போய்விட்டது. பாறைக்குப் பின்னால் க்ளீனர் இறால்தான் எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்திருந்தது. சின்னத் தொட்டியில் ஒரு மீன் அழுகினால் அமோனியா ஏறிவிடும் என்பதால் உடனே எடுத்தோம். பெரிய கோமாளிக்கு அதே சூட்டில், அதே பிஎச்-சில் நன்னீர்க் குளியல் கொடுத்துப் பார்த்தோம், ஐந்து நிமிடம். கொஞ்ச நேரம் மூச்சு இறங்கியது போலத்தான் இருந்தது. மதியத்துக்குள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. என் விரலைக் கடிக்கும் மீன் அது. நத்தையை நிமிர்த்தி வைக்கக் கையை விட்டால் போதும், ஓடி வந்து முட்டும்.

நான் அன்று அழுதேன். மீனுக்காகவா அழுகிறாய் என்று கேட்காத மனிதர்கள் என்னைச் சுற்றி இருந்தார்கள் என்பதைத்தான் இந்த மடலில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். குறிப்பாக ஐயா, நீங்கள். இருபது வருஷத்துக்கு மேல் கடல் தொட்டி வைத்திருப்பவர். நான் அழைத்ததும் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நீங்கள் இழந்தவற்றைச் சொன்னீர்கள். ஹீட்டர் அணையாமல் ஒட்டிக்கொண்டு ஒரே இரவில் மொத்தத் தொட்டியும் வெந்துபோனதை, மூடியின் ஒரு விரல் இடைவெளியில் குதித்துத் தரையில் காய்ந்து கிடந்த ராஸ் மீனை. அரை மணி நேரம் பேசினீர்கள். வைத்துவிடும்போது, "தொட்டியைக் கலைக்கிற முடிவை இந்த வாரம் எடுக்காதே" என்று மட்டும் சொன்னீர்கள். கலைத்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது ஐயா?

எஞ்சியது சின்னக் கோமாளியும் கோபியும். 30 நாள் தாமிரத்தில் இருந்தன. நாங்கள் போட்ட வகைக்கு 2-க்கும் 2.5 பிபிஎம்-க்கும் (பத்து லட்சத்தில் பங்கு) நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் வாடும். (எல்லா வகைத் தாமிரத்துக்கும் இந்த எண் பொருந்தாது, இதைப் படித்துவிட்டு யாரும் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டாம்.) அமோனியாவைக் கட்டும் திரவத்தை அதோடு சேர்த்து ஊற்றக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருக்காவிட்டால் நான் பதறிப்போய் ஊற்றியிருப்பேன். அதற்குப் பதில் அதே அளவு தாமிரம் கலந்த தண்ணீரால் மாற்றிக்கொண்டே இருந்தோம். தினமும் எண்களை நோட்டில் எழுதியது என் மகள். ஒரு நாள்கூட விடவில்லை, காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் என்னைச் சொல்லச் சொல்லி எழுதினாள். கண்ணே, உனக்கும் நன்றி.

பெரிய தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் விட்டோம். வெல்வெட்டுக்கு ஆறு வாரம் போதும் என்பார்கள், கூடவே வெண்புள்ளி ஒட்டுண்ணியும் வந்திருந்தால் அதுவும் ஒழியட்டும் என்று ஐயா நீட்டச் சொன்னார். ஒட்ட மீன் கிடைக்காமல் அவை செத்துப்போகும், பவளத்துக்கும் இறாலுக்கும் அவற்றால் ஒன்றும் ஆகாது. அந்த 76 நாளும் பிஸ்டல் இறால் வெளியே வரவே இல்லை. அதற்குக் கண் சரியாகத் தெரியாது. மீசையைக் கோபியின் உடம்பில் வைத்துக்கொண்டுதான் வளையை விட்டு வரும், ஆபத்து என்றால் கோபி வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே ஓடிவிடும். கோபி இல்லாமல் அது எப்படி வரும்? வளை வாசலில் உணவு உருண்டை போடுவோம், காலையில் இருக்காது. எப்போதாவது இரவில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. சத்தம் கேட்டால் மகள் அதையும் நோட்டில் எழுதுவாள்.

போன வாரம் கோபியை விட்டபோது நேராக வளைக்குப் போகவில்லை. அரை நாள் எதிர்மூலையில் ஒரு பவளத்துக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. எனக்குக் கவலையாகிவிட்டது. மறுநாள் காலை பார்க்கிறேன், வளை வாசலில் கோபி உட்கார்ந்திருக்கிறது, பின்னாலிருந்து சிவப்பு மீசை ஒன்று நீண்டு வந்து அதன் வாலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் இறால் இரண்டு கையாலும் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கொட்டிவிட்டுப் போனது. அக்கா, முதலில் உங்களுக்குத்தான் வீடியோ அனுப்பினேன்.

கோமாளியும் மாறிக்கொண்டு வருகிறது. கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆணாகத்தான் வளரும், ஜோடியில் பெண் போனால் எஞ்சிய ஆண் பெண்ணாகும் என்று படித்திருந்தேன். முன்பெல்லாம் பெரியது பக்கத்தில் வந்தாலே உடம்பை நடுக்கிப் பணிந்து நிற்கும் மீன் இது. இப்போது கொஞ்சம் பருத்திருக்கிறது. நேற்று நத்தையை நிமிர்த்தக் கையை விட்டேன், ஓடி வந்து விரலில் முட்டியது.

அண்ணா, உங்கள் தொட்டியைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். எனக்கென்று ஒரு தனித்தொட்டி வாங்கிவிட்டேன், இனி எந்த மீனும் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். ஸ்பாஞ்ச் மட்டும் புதிது. பழையது ஒரு மாதம் தாமிரத்தில் ஊறியது, அது உங்கள் பவளங்கள் பக்கமே வர வேண்டாம்.