அம்மாவின் சிவப்புக்கல் தோடு

தேவிபட்டினம்,
ஆனி 20

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிவிட்டது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. சின்னவளுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. வீடு முழுக்கப் பத்திரிகைக் கட்டும் பட்டுச்சேலைப் பெட்டியுமாகக் கிடக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள். இங்கே மழையைக் காணோம், கச்சான் காற்றுதான் அடித்துக்கொண்டிருக்கிறது. சோற்றிலும் மணல், தலையிலும் மணல். சரி, எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவின் சிவப்புக்கல் தோட்டை நீ மறந்திருக்க மாட்டாய். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, ஆக ஏழு கல். ஹாஸ்டலில் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் போட்டுக்கொண்டு வருவாள். கொழும்பில் கடையில் வேலை பார்த்த தாத்தா வாங்கி வந்தது அது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கியபோது இடுப்பு முடிச்சில் வைத்திருந்தாராம். 1964 புயலுக்கு ரொம்ப முந்திய கதை. "வெயில்ல பாருடி, கங்கு மாதிரி எரியுது பாரு, இது அசல் மாணிக்கம்" என்பாள் அம்மா. நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன்.

சின்னவளுக்குப் போடலாம் என்று போன மாதம் அதைப் பத்தரிடம் மெருகு போடக் கொடுத்தேன். அவர் லென்ஸைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்: "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது பூமியில வெளஞ்ச கல்லு இல்ல, மிஷின் கல்லு." லென்ஸை என்னிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கல்லுக்குள் ஊசிமுனை அளவுக்கு உருண்டையாக இரண்டு காற்றுக்குமிழி. இசைத்தட்டின் கோடு மாதிரி வளைந்து வளைந்து மெல்லிய வரிகள். பூமிக்குள் விளைந்த கல்லில் இப்படி வளைகோடு இருக்காதாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விலை போய்விட்டதே என்றில்லை. அம்மா சாகிறவரைக்கும் ஒரு பொய்யைக் காதில் போட்டிருந்தாளே என்றுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சின்னவள் சிரித்துவிட்டாள். பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள் அல்லவா. "பொய்யெல்லாம் இல்லம்மா" என்று உட்கார வைத்து விளக்கினாள். மாணிக்கம் என்பது அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த ஒரு படிகம். அதில் துளியளவு குரோமியம் கலந்தால் சிவப்பு வருகிறது. வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் அதே பொருளைத் தூளாக்கி, தீச்சுடரில் உருக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் படியவைத்துக் கல்லாக வளர்க்கும் வழியை 1902-இல் வெளியிட்டார். அதற்கப்புறம் உலகம் முழுக்க அந்தக் கல் பரவிவிட்டது. நம் அப்பாமார் கட்டிய எச்.எம்.டி. வாட்சில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருக்குமே, அதுவும் இந்தச் செயற்கை மாணிக்கம்தான். 1960-இல் முதன்முதலாக லேசர் ஒளியை உண்டாக்கியதும் மாணிக்கத் தண்டு ஒன்றை வைத்துத்தானாம். "கண்ணாடியை மாணிக்கம்னு சொன்னாத்தான் பொய். இது மாணிக்கமேதான், பொறந்த எடம் மட்டும் வேற" என்றாள்.

அத்தோடு விடவில்லை. அன்று ராத்திரி தோட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கள்ளநோட்டுப் பார்க்க ஒரு நீல விளக்கு வைத்திருப்பார்களே, அது அங்கே இருக்கிறது. ஷட்டரைப் பாதி இறக்கி, டியூப்லைட்டை அணைத்து, தோட்டை அதன் கீழே வைத்தாள். நான் மூச்சுவிடவே மறந்துவிட்டேன். விளக்கில் இருப்பது ஊதா வெளிச்சம், கல்லில் தெரிவதோ சிவப்பு. விறகடுப்பைக் கிளறினால் சாம்பலுக்குள்ளிருந்து கங்கு தலைகாட்டுமே, அப்படி ஒவ்வொரு கல்லும் உள்ளேயிருந்து எரிந்தது. எண்ணினேன். பதிமூன்று. இடது தோட்டில் கீழ்வரிசையில் ஒன்று மட்டும் இருட்டாகவே கிடந்தது.

அது எது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ஒரு கல் விழுந்துபோனது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். அசல் ஜோடிக்கல் என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு கண்ணாடியைப் பதித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாற்பது வருஷமாக அது மற்ற பதிமூன்றோடு சேர்ந்து மின்னிக்கொண்டு இருந்திருக்கிறது. பகலில் எத்தனை தரம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

குரோமியம் உள்ள கல் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கிச் சிவப்பாகத் திருப்பித் தருமாம். வெயிலிலும் புறஊதா உண்டு. அதனால் நல்ல மாணிக்கம் வெயிலில் தன் நிறத்தோடு கூடுதலாக ஒளியையும் உமிழ்கிறது. இரும்பு அதிகம் கலந்த கல்லில் இது மங்கிவிடும். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அம்மா சொன்ன 'எரியுது' வெறும் பெருமைப் பேச்சு இல்லை. அவள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறாள்.

நவபாஷாணம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம் என்று உனக்குத் தெரியும். கடலுக்குள் நவக்கிரகமாக நிற்கும் அந்த ஒன்பது கல்லுக்கும் நவதானியம் போட வருகிறவர்களில் பாதிப்பேர் மோதிரக்கல்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போகிறார்கள். சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், சூரியனுக்கு மாணிக்கம். நவரத்தின மோதிரத்தில் நடுவில் உட்காருவதும் மாணிக்கம்தான். எனக்கு ஜாதகத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. ஆனால் இந்தக் கல்லைச் சூரியனுக்கு ஒதுக்கிவைத்த ஆதிமனிதர் யாரோ, அவர் இதைக் கையில் ஏந்தி வெயிலில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

நாகமாணிக்கக் கதையும் அப்படித்தான். என் அத்தை சொல்லுவாள், நினைவிருக்கிறதா? பல வருஷம் யாரையும் கொத்தாத நாகத்தின் விஷம் இறுகி மாணிக்கமாகும். ராத்திரியில் அதைக் கக்கி வைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் இரை தேடும். மறைந்திருப்பவன் சாணியை அதன் மேல் போட்டு மூடிவிட்டால் வெளிச்சம் போய், கல்லைக் காணாமல் தலையை மோதி மோதியே அது செத்துப்போகும். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாம்பின் மேல்தான் பாவமாக இருக்கும். சங்கப் பாட்டிலேயே நாகம் உமிழ்ந்த மணி வருகிறது என்றால் எத்தனை பழைய நம்பிக்கை பார். பாம்புக்குள் கல் விளையாது என்பது உறுதி. எங்கள் உறவிலேயே ஒருவர் இருட்டறையில் மினுங்கிய எதையோ நாகமாணிக்கம் என்று நம்பிப் பணத்தைத் தொலைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெயில் பட்டால் உள்ளிருந்து ஒளிவிடும் சிவப்புக்கல் உலகத்தில் உண்டு என்பதை இந்த நாட்டு மனசு தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருக்கிறது. அந்த அறிவைத்தான் ஏமாற்றுகிறவன் விலைக்கு விற்கிறான்.

இதையெல்லாம் யோசிக்கும்போது உன் வாப்பா ஞாபகம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கீழக்கரையில் உங்கள் வீட்டு ஜன்னலோரத் திண்ணை, வெள்ளைத்தாள் பொட்டலம், அதைப் பிரித்து விரல்நுனியால் கல்லை உருட்டும் விதம். இலங்கையிலிருந்து வந்த கல் எல்லாம் அந்தத் திண்ணையில்தான் முதலில் வெளிச்சம் பார்க்கும். "புள்ளைகளா, செவப்புக்கல்லை ராத்திரி பல்புல பாக்கக் கூடாது. பல்பு எல்லாச் செவப்பையும் அழகாக் காட்டும். பகல் வெளிச்சந்தான் உண்மையைச் சொல்லும்" என்பார். இரத்தினபுரிப் பக்கம் நீலம் ஓடிய கல்லைக் கரித்தணலில் வைத்துக் குழலால் ஊதி ஊதிச் சுட்டால் நீலம் போய்ச் சிவப்பு தெளியும் என்று அவர் சொன்னபோது நாம் நம்பவில்லை. அதுவும் உண்மைதான் என்கிறாள் சின்னவள்.

ஆதம் நபி இறங்கிய மலையில் அவர் அழுத கண்ணீர்தான் இலங்கையில் கல்லாகக் கிடக்கிறது என்று சொன்னதும் வாப்பாதான். அங்கிருந்து அவர் நடந்து வந்த பாலம்தான் நம் சேது, அவருடைய மக்கள் ஆபிலும் காபிலும் ராமேஸ்வரத்தில் அடங்கியிருக்கிறார்கள் என்று முடிப்பார். என் வீட்டில் அதே சேது ராமர் கட்டியது. நமக்கு இரண்டு கதையும் வேண்டியிருந்தது, ஒன்றுக்காக மற்றொன்றை விட்டதில்லை.

அப்புறம் இன்னொன்று. நம் தமிழம்மா சிலப்பதிகாரம் நடத்திய வகுப்பு. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். முத்து நம் கடலின் சொத்து, பாண்டியனுக்கு அதற்கா பஞ்சம்? வெளியே பார்த்தால் இரண்டு சிலம்பும் ஒன்றுபோல இருந்திருக்கும். உடைத்ததும் உள்ளேயிருந்து தெறித்த மணி அரசனின் வாயருகே போய் விழுந்தது. அன்று தேர்வுக்காகத்தான் படித்தேன். அண்ணன் கடையில் அந்த நீல விளக்கின் கீழே குனிந்திருந்தபோதுதான் அந்தச் சபை எப்படித் திகைத்திருக்கும் என்று எனக்கு உறைத்தது.

போன மார்கழியில் உத்தரகோசமங்கைக்குப் போனேன். வருஷம் முழுக்கச் சந்தனக்காப்பில் இருக்கும் மரகத நடராஜரைத் திருவாதிரைக்குக் காப்புக் களைந்து பார்க்க அத்தனை கூட்டம். மாணிக்கவாசகர் பாடிய தலம். மரகதத்துக்குப் பச்சை கொடுப்பதும் குரோமியம்தான் என்று சின்னவள் சொன்னபோது எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

கல்லுக் கதையை இத்தோடு விட்டு, உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பத்தர் எல்லாக் கல்லையும் மாற்றிப் புதிதாகப் பதிக்கலாம் என்கிறார். நான் ஒப்பவில்லை. பதிமூன்றும் அப்படியே இருக்கட்டும். அந்தக் கண்ணாடியை மட்டும் எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். வாப்பாவின் தகரப்பெட்டி உன் ராத்தாவிடம் இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தாய். அதில் சின்னதாக ஒரு சிவப்புக்கல் மிச்சம் இருந்தால், குன்றிமணியில் பாதி போதும், வட்டம், பத்தர் நாலு மில்லிமீட்டர் என்று அளந்து சொன்னார், எனக்கு விலைக்குக் கொடு. சும்மா கொடுத்தால் வாங்க மாட்டேன், சண்டை போடாதே.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. கீழ்த்தள அறையை உனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன், படி ஏற வேண்டாம். கல்லை நீயே கையோடு கொண்டுவா. காலை வெயிலில் கொல்லைத் திண்ணையில் வெள்ளைத்தாளை விரித்து, வாப்பா பார்த்தபடியே நாம் இரண்டுபேரும் பார்ப்போம்.

ராத்தாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்புள்ள,
தேவிபட்டினத்துத் தோழி