தியலும உச்சியில் உதவிய அக்காவுக்கு

போன சனிக்கிழமை இலங்கை மலையகத்தில், பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாக தியலும நீர்வீழ்ச்சியின் உச்சிக்குப் போயிருந்தோம். 220 மீட்டர் கீழே விழுவதற்கு முன்னால் ஆறு பாறையில் குடைந்து வைத்திருக்கும் குளங்களில் குளிக்கத்தான். பாசியில் வழுக்கித் தங்கச்சிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

விறகுக் கட்டோடு போன நீங்கள் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. கட்டை இறக்கி வைத்துவிட்டு முதலில் தண்ணீரைத்தான் பார்த்தீர்கள்.

"பிளேன்டி நிறமா மாறுது பாருங்க, மேல மழை. அந்தப் பக்கம் ஏறுங்க புள்ள."

நாங்களோ பால் கலக்காத தேநீர் போன்ற அந்த நிறத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம்! தலைத்துண்டைக் கிழித்து அவள் காலில் கட்டினீர்கள். அட்டை கடிக்கக் கடிக்க, மானாப்புல்லுக்கு நடுவே அவளைத் தோளில் தாங்கி ஆட்டோ நின்ற இடம்வரை கூட்டிவந்தீர்கள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம்.

நீட்டிய காசையும் வாங்கவில்லை. பதற்றத்தில் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம், மன்னிச்சிருங்க அக்கா. கொஸ்லந்தைப் பக்கம் யாராவது இதைப் படித்தால் அவரிடம் சொல்லுங்கள்: தங்கச்சி இப்போது நடக்கிறாள். புதுத் துண்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.